அழுத்தமானி தவறாகக் காட்டுகிறதா? திருகாணியைத் தொடுமுன் பார்க்க வேண்டியவை

காற்றழுத்தத்தை அளக்கும் கருவிகள் தாமாகப் பழுதாவதைவிட, பழுதாகிவிட்டதாக எண்ணித் திருகாணியைத் திருப்புவோரால் கெடுவதே அதிகம் என்பது என் கணிப்பு. சுவரில் மாட்டிய, திரவமில்லாத அனிராய்டு பாரோமீட்டர், கல்லூரி ஆய்வகத்தில் பாதரசத் தம்பத்தின் உயரத்தால் அழுத்தத்தை அளக்கும் ஃபார்ட்டின் பாரோமீட்டர், கைப்பேசிக்குள் இருக்கும் அழுத்த உணரி, டயர் கடையில் தொங்கும் கேஜ் ஆகிய ஒவ்வொன்றும் ஓர் எண்ணைத் தருகிறது. அந்த எண் எதனோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுகிறது, எந்த உயரத்துக்கு உரியது, எந்த வெப்பநிலையில் எடுக்கப்பட்டது என்ற மூன்றையும் விசாரிக்காமல் அதை வேறோர் எண்ணோடு பொருத்திப் பார்க்கும்போதுதான் கருவி பொய் சொல்வதுபோலத் தோன்றுகிறது. ஆகவே கீழே அறிகுறி வாரியாகச் சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை கருவியைத் திறக்காமலே தீர்பவை.

முதலில் அலகைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வானிலைத் துறையின் ஹெக்டோபாஸ்கலும் பழைய மில்லிபாரும் அளவில் ஒன்றே. 1013.25 ஹெக்டோபாஸ்கல், 760 மில்லிமீட்டர் பாதரசம், 29.92 அங்குலப் பாதரசம், 14.7 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) ஆகிய யாவும் ஒரே அழுத்தத்தைக் குறிப்பவை. பழைய வட்ட முகப்புகளில் ‘75’, ‘76’ என்று மட்டும் இருந்தால் அது பாதரசச் சென்டிமீட்டர்.

வானிலை அறிக்கை 1009 என்கிறது. என் கருவி 963 காட்டுகிறது

இப்படிக் கேட்பவர் பெரும்பாலும் கோயம்புத்தூர் போன்ற ஊரில் இருப்பார். அந்நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 410 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே தலைக்குமேல் நிற்கும் காற்று அந்த அளவுக்குக் குறைவாக இருப்பதால், கருவி உணரும் அழுத்தமும் 46 ஹெக்டோபாஸ்கல் அளவுக்குக் குறைகிறது. அறிக்கையில் வரும் எண்ணோ, உயர வேறுபாட்டை நீக்கிக் கடல்மட்டத்துக்கு மாற்றிச் சொல்லப்பட்டது. அப்படி மாற்றாவிட்டால் வானிலை வரைபடத்தில் ஒவ்வொரு மலையும் ஒரு நிரந்தரத் தாழ்வு மண்டலமாகத் தெரியும். நம் சமவெளியின் வெப்பநிலையில் ஏறக்குறைய ஒவ்வொரு 8.8 மீட்டர் ஏற்றத்துக்கும் 1 ஹெக்டோபாஸ்கல் குறையும் என்று வைத்துக் கணக்கிட்டால், நான்காம் மாடியில் குடியிருப்பவருக்குக்கூட ஒன்று முதல் ஒன்றரை ஹெக்டோபாஸ்கல் வரை வேறுபாடு வருவதைக் காணலாம்.

1648 செப்டம்பர் 19 அன்று பிளேஸ் பாஸ்கலின் தமக்கை கணவரான ஃப்ளோரின் பெரியே, பிரான்சின் புய் த டோம் மலைமீது பாதரசக் குழாயைக் கொண்டுசென்று, உச்சியில் பாதரசத் தம்பம் தாழ்ந்து நிற்பதைக் காட்டினார். அந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்தது அவர் மலையேறியதன்று. கிளம்புமுன் இரண்டு குழாய்களை ஒரே இடத்தில் வைத்து ஒத்துப்பார்த்துவிட்டு, ஒன்றை அடிவாரத்திலேயே நாள் முழுதும் ஒருவர் கண்காணிப்பில் விட்டுச் சென்றதுதான். அடிவாரக் குழாய் அசையாமல் இருந்ததால்தான் உச்சியில் கண்ட இறக்கம் உயரத்தால் வந்தது என்று சொல்ல முடிந்தது. உங்கள் கருவியை ஐயுறும்போதும் இதே முறையைப் பின்பற்றுங்கள்: நம்பகமான மற்றொரு கருவியை அதே மேசையில், அதே நேரத்தில் வைத்துப் பாருங்கள். அது கிடைக்காவிட்டால், தாழ்வு மண்டலம் எதுவும் அருகில் இல்லாத நாளில், அருகிலுள்ள வானிலை நிலையத்தின் காலை 8.30 மணி அல்லது மாலை 5.30 மணிக் கடல்மட்ட அளவை எடுத்துக்கொண்டு, முள் அதை நோக்கி நகரும்படி பின்புறத் திருகாணியைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, முகப்பை மெல்லத் தட்டி, முள் அமைந்த பிறகு அடுத்த திருப்பத்துக்குப் போக வேண்டும்.

உதகமண்டலத்தில் இருப்பவர்கள் திருகாணியைத் தொடவே வேண்டாம். ஏறக்குறைய 2240 மீட்டர் உயரத்தில் உண்மையான அழுத்தம் 780 ஹெக்டோபாஸ்கலை ஒட்டியே இருக்கும். சமவெளிக்காகச் செய்யப்பட்ட சுவர்க் கருவியின் முள் அளவுகோலை விட்டே வெளியேறிவிடும்; வலிந்து திருப்பினால் உள்ளே இருக்கும் நெம்புகோல் வளைந்துபோகும். அங்கே உயரமான இடங்களுக்கென்று செய்த கருவியோ மின்னணு உணரியோதான் உதவும்.

வெயில் கொளுத்துகிறது, முள் மழைப்பக்கம் சாய்கிறது

வட்ட முகப்பில் அச்சிட்டிருக்கும் புயல், மழை, மாறுதல், தெளிவு, வறட்சி என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் ஐரோப்பாவின் மிதவெப்ப வானிலைக்காக எழுதப்பட்டவை. அங்கே அழுத்தம் ஒரே வாரத்தில் 30, 40 ஹெக்டோபாஸ்கல் ஏறி இறங்கக்கூடும். சென்னையின் கடல்மட்ட அழுத்தமோ ஜனவரியில் 1013ஐ ஒட்டியும், மே, ஜூன் மாதங்களில் 1004ஐ ஒட்டியும் நிற்பது. புயல் வராத ஆண்டில் ஊசலாட்டம் முழுவதும் அந்தச் சிறு இடைவெளியை ஒட்டியே முடிந்துவிடும். இதனால் கத்திரி வெயிலில் முள் மழைப்பக்கம் நகர்ந்தும், வடகிழக்குப் பருவமழை பெய்யும் நவம்பரில் தெளிவுப்பக்கம் நகர்ந்தும் நிற்பதைப் பார்க்கலாம். கருவியில் கோளாறு எதுவும் இல்லை. சொற்களின்மீது ஒரு துண்டுத் தாளை ஒட்டிவிட்டு எண்ணை மட்டும் படிப்பதே இதற்குரிய தீர்வு.

காலையில் ஏறுகிறது, பிற்பகலில் இறங்குகிறது. வானத்தில் மாற்றம் இல்லை

கருவி நன்றாக இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று கிடையாது. சூரிய வெப்பத்தை வளிமண்டலத்தின் மேலடுக்கில் உள்ள ஓசோனும் கீழடுக்கில் உள்ள நீராவியும் உறிஞ்சுவதால், காற்றுக்கடல் முழுவதிலும் ஓர் ஓதம் (கடலின் ஏற்றவற்றம் போன்ற அலை) எழுந்து நாளுக்கு இருமுறை புவியைச் சுற்றி வருகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் அது தெளிவாகத் தெரியும்: காலை 10 மணியளவிலும் இரவு 10 மணியளவிலும் உச்சம், அதிகாலை 4 மணியளவிலும் மாலை 4 மணியளவிலும் தாழ்வு, காலை உச்சத்துக்கும் மாலைத் தாழ்வுக்கும் இடையே 3 ஹெக்டோபாஸ்கல் அளவில் வேறுபாடு. லண்டனில் ஒருவர் இதைப் பல நாள் பதிவுகளின் சராசரியில் தேடித்தான் எடுக்க வேண்டும். நாகப்பட்டினத்தில் இருப்பவர் ஒரே நாளில் வெறுங்கண்ணால் பார்த்துவிடலாம்.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. தொலைவில் ஒரு புயல் உருவாகி நெருங்கும்போது அழுத்தம் முதலில் 2, 3 ஹெக்டோபாஸ்கல்தான் குறையும். அந்தக் குறைவு தினசரி ஓதத்துக்குள் மறைந்துபோகும். 1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவில் கரைகடந்த பெரும்புயலின் மைய அழுத்தம் 912 ஹெக்டோபாஸ்கல் என மதிப்பிடப்பட்டது. ஆனால் அத்தகைய செங்குத்தான வீழ்ச்சி மையம் மிக அருகில் வந்த பிறகே எந்தக் கருவியிலும் தெரியும். ஆகவே இன்று மாலை 4 மணியின் அளவை இன்று காலை 10 மணியோடு ஒப்பிடக் கூடாது; நேற்று மாலை 4 மணியோடு ஒப்பிட வேண்டும். வானிலை நிலையங்களும் 24 மணி நேர மாற்றத்தைத் தனியாகக் குறிப்பது இதனால்தான். வெப்பமண்டலக் கடல்களில் கப்பலோட்டிகள் நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கும் விதி ஒன்றையும் இங்கே சொல்லலாம்: ஓதத்தைக் கழித்த பிறகும், அந்தப் பருவத்தின் சராசரியைவிட 3 ஹெக்டோபாஸ்கல் குறைந்திருந்தால் ஐயப்பட வேண்டும், 5 குறைந்திருந்தால் புயல் அருகில் இருப்பதாகவே கொள்ள வேண்டும்.

முள் நாள் முழுதும் அசைவதே இல்லை; தட்டினால் மட்டும் துள்ளுகிறது

மேலே சொன்ன இரட்டை ஏற்ற இறக்கம் ஒரு முழு நாள் கவனித்தும் தெரியவில்லை என்றால், அப்போதுதான் கருவியை உண்மையாகவே சந்தேகிக்கலாம். லூசியன் விடி 1844இல் உருவாக்கிய அனிராய்டின் அடிப்படை இன்றும் மாறவில்லை. உட்காற்றை எடுத்துவிட்ட மெல்லிய உலோகப் பெட்டி ஒன்று, வெளியழுத்தம் கூடினால் அமுங்கும், குறைந்தால் உப்பும். கண்ணுக்குத் தெரியாத அந்த அசைவை நெம்புகோல்களும் மிக மெல்லிய சங்கிலியும் பெருக்கி முள்ளைத் திருப்புகின்றன. அந்த இணைப்புகளில் தூசியும் கெட்டிப்பட்ட எண்ணெயும் சேர்ந்தால் முள் தயங்கும். விரல் நுனியால் கண்ணாடியை இலேசாகத் தட்டும்போது அரை ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு நகர்ந்தால் அது இயல்பான உராய்வு. ஒன்று, இரண்டு எனத் துள்ளினால் துப்புரவு தேவை. எண்ணெய் மட்டும் விட வேண்டாம். அது அடுத்த ஆண்டின் தூசிக்குப் பசையாகிவிடும். தட்டியும் அசையாமல், திருகாணிக்கும் இடங்கொடாமல் முள் அளவுகோலின் தாழ்முனையைக் கடந்து நின்றால், பெட்டியில் கசிவு ஏற்பட்டுக் காற்று புகுந்திருக்க வாய்ப்புண்டு; அதைத் திருத்துவதைவிடப் புதியது வாங்குவதே மலிவு.

முள் நடுங்குகிறது, அல்லது ஒரே ஒருமுறை குதித்து அமைகிறது

நடுக்கம் காற்றுவீச்சால் வருவது. நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஒரு சன்னலில் நேராக மோதும்போது 2 ஹெக்டோபாஸ்கலுக்கும் சற்று மிகுதியான அழுத்தத்தை உண்டாக்கும். வீட்டுக்குள் இருக்கும் கருவியும் அதை உணரும். சன்னலுக்கு எதிரிலிருந்து கருவியை உட்சுவருக்கு மாற்றினாலே போதும். வீட்டின் உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் கருவியை வெளியில் தொங்கவிட வேண்டிய தேவை இல்லை.

தனித்த குதிப்பைப் பழுது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். 2022 ஜனவரி 15 அன்று தொங்கா நாட்டின் கடலடி எரிமலை வெடித்தபோது எழுந்த அழுத்த அலை உலகத்தைப் பலமுறை சுற்றி வந்தது. பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த பாரோமீட்டர்களும் ஓரிரு ஹெக்டோபாஸ்கல் ஏறி இறங்கின. வேறு ஊர்களின் பதிவிலும் அதே நேரத்தை ஒட்டிக் குதிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கருவியைக் கழற்ற வேண்டும்.

கைப்பேசி, வீடு இரவோடிரவாக 25 மீட்டர் உயர்ந்ததாகச் சொல்கிறது

கைப்பேசிக்குள் உள்ள உணரி ஒரு சிறிய சிலிக்கான் சவ்வு. அது மிகச் சிறிய மாற்றத்தையும் உணரும். ஒரு மாடிப்படி ஏறினாலே 0.3 ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் குறைவதைத் தெளிவாகக் காட்டும். ஆனால் முழு அளவில் அது ஒரு ஹெக்டோபாஸ்கல் வரை கூடவோ குறையவோ இருக்கலாம். உயரம் காட்டும் செயலி செய்வதெல்லாம் அழுத்தத்தை மீட்டராக மாற்றுவதுதான் என்பதால், தினசரி ஓதத்தின் 3 ஹெக்டோபாஸ்கலும் அதன் கணக்கில் 26 மீட்டர் உயரமாகிவிடுகிறது. மலையேறுமுன் அடிவாரத்தின் உயரத்தைக் கொடுத்துச் செயலியைச் சரிசெய்யுங்கள். வழியில் உயரம் தெரிந்த இடம் வரும்போதெல்லாம் மீண்டும் சரிசெய்யுங்கள். நீர்புகாத வகைக் கைப்பேசியாக இருந்தால் திரையை அழுத்திப் பிடித்தபடி அளவெடுக்க வேண்டாம். உள்ளே அடைபட்ட காற்று அமுங்குவதே அளவாக வந்துவிடும்.

உதகைக்கு வந்தும் டயர் கேஜ் அதே எண்ணைக் காட்டுகிறது

டயர் கேஜ் வெற்றிடத்தோடு ஒப்பிட்டு அளப்பதில்லை. சுற்றியுள்ள காற்றைவிட டயருக்குள் எவ்வளவு மிகுதி என்பதையே காட்டுகிறது. 1849இல் யூஜின் பூர்தோன் கண்டுபிடித்த வளைகுழாய் கேஜின் வேலையும் இதுவே: உள்ளே அழுத்தம் ஏறும்போது வளைந்த குழாய் நிமிர முயல்கிறது, வெளிக்காற்று அதை எதிர்க்கிறது.

கோயம்புத்தூரில் 33 டிகிரி செல்சியசில் 32 பி.எஸ்.ஐ. நிரப்பியதாகக் கொள்வோம். அங்கே வெளிக்காற்று ஏறக்குறைய 14.0 பி.எஸ்.ஐ. என்பதால் டயருக்குள் உள்ள முழு அழுத்தம் 46.0. உதகையில் 18 டிகிரிக்கு டயர் குளிர்ந்த பிறகு, கெல்வின் கணக்கில் 306 என்பது 291 ஆவதால், முழு அழுத்தம் 43.7 ஆகக் குறைகிறது. ஆனால் அங்கே வெளிக்காற்று 11.3 மட்டுமே, ஆகவே கேஜ் 32.4 காட்டும். குளிர்ச்சி எடுத்துக்கொண்டதை உயரம் ஏறக்குறைய முழுமையாகத் திருப்பித் தந்துவிட்டது. கேஜ் கெட்டுவிட்டதாக நினைத்துக் காற்றை இறக்கியவர் சமவெளிக்குத் திரும்பும்போது குறைந்த காற்றோடு ஓட்ட நேரும். கேஜை எதனோடும் பொருத்தாமல் கையில் வைத்திருக்கும்போது முள் சுழியில் நிற்க வேண்டும்; நிற்காவிட்டால் அந்தச் சுழிப்பிழையைக் கழித்துப் படிக்க வேண்டும்.

ஏ.சி. பழுதுபார்ப்பவர்களின் வெற்றிட கேஜிலும் இதே குழப்பம் வரும். சமவெளியில் 760 மில்லிமீட்டர் வரை இறங்கும் முள், உதகையில் எவ்வளவு நேரம் பம்பை ஓட்டினாலும் 585ஐத் தாண்டாது. நீக்குவதற்கு அங்கே இருக்கும் காற்றழுத்தமே அவ்வளவுதான். பம்பைக் குறைசொல்வதில் பயனில்லை. சமையல் எரிவாயு உருளையில் கேஜ் பொருத்தி எவ்வளவு வாயு மிச்சம் என்று பார்க்க முயல்வதும் வீண். உள்ளே ஒரு குவளை திரவம் எஞ்சியிருக்கும்வரை ஆவியழுத்தம் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. உருளையின் மீது எழுதியிருக்கும் வெற்று எடையைக் கழித்து, எடைபோட்டுப் பார்ப்பதே வழி.

ஃபார்ட்டின் பாரோமீட்டர்: ஒரே நேரத்தில் பத்து மாணவர், பத்து அளவு

பாதரசத் தொட்டிக்குள் கீழ்நோக்கி நிற்கும் தந்தமுனையை ஒழுங்காகப் பொருத்தாததே இதன் முதற்காரணம். அடித் திருகைச் சுழற்றிப் பாதரச மட்டத்தை உயர்த்தும்போது, முனையும் பாதரசத்தில் தெரியும் அதன் நிழலுருவும் ஒன்றையொன்று நெருங்கி, நுனியோடு நுனி தொட்டும் தொடாமலும் நிற்கும் கணத்தில் நிறுத்த வேண்டும். முனையைச் சுற்றிப் பாதரசம் சிறு குழியாக அமுங்கினால் மட்டம் மிகுந்துவிட்டது என்று பொருள். பாதரசத்தின் மேல் சாம்பல்நிறப் படலம் படிந்திருந்தால் நிழலுரு மங்கலாகும். அப்போது யாருடைய அளவும் நம்பத்தக்கதன்று.

பிறகு குழாயை மெல்லத் தட்டி, வெர்னியர் என்னும் நகரும் நுண்ணளவுகோலின் முன்விளிம்பும் பின்விளிம்பும் ஒரே கோட்டில் வரும்படி கண்ணை வைத்து, பாதரசத்தின் குவிந்த முகட்டை அது தொடுமாறு இறக்க வேண்டும். கண் வைக்கும் இடம் மாறுவதால் வரும் இடமாறு தோற்றப்பிழை இங்கேதான் புகுகிறது. கருவியோடு உள்ள வெப்பமானியை எல்லாவற்றுக்கும் முன்பே படித்துவிடுங்கள். சுற்றி நிற்பவர்களின் உடல் வெப்பமே சில நிமிடங்களில் அதை ஏற்றிவிடும்.

ஃபார்ட்டின் பாரோமீட்டர்: வானிலை நிலையத்தைவிட எப்போதும் 7 ஹெக்டோபாஸ்கல் கூடுதல்

திருத்தம் செய்யாத அளவு இப்படித்தான் இருக்கும். சென்னையில் 30 டிகிரியில் தம்பம் 760.0 மில்லிமீட்டர் நிற்பதாகக் கொள்வோம். பாதரசம் வெப்பத்தில் விரிந்து அடர்த்தி குறைந்திருக்கிறது. பித்தளை அளவுகோலும் சற்று நீண்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்து 0 டிகிரிக்கு மாற்ற, டிகிரிக்கு 0.000163 என்ற காரணியால் 3.7 மில்லிமீட்டரைக் கழிக்க வேண்டும். அடுத்தது ஈர்ப்பு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சென்னையில் ஈர்ப்பு முடுக்கம் 9.783 மட்டுமே, கணக்கில் தரமாகக் கொள்ளப்படுவதோ 9.80665. அதற்காக மேலும் 1.8 மில்லிமீட்டர். மீதி 754.5 மில்லிமீட்டர், அதாவது 1005.9 ஹெக்டோபாஸ்கல். நேரே 760ஐ மாற்றியிருந்தால் 1013.3 என்று வந்திருக்கும். தெளிந்த ஜனவரிக்கும் மந்தமான ஜூனுக்கும் உள்ள வேறுபாட்டின் பெரும்பகுதி இந்த இரண்டு திருத்தங்களுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பாடநூல் 76 சென்டிமீட்டர் என்கிறது என்பதற்காகச் செய்முறைக் குறிப்பேட்டில் அதையே எழுதிவைப்பது நம் கல்லூரிகளில் பழகிப்போன வழக்கம். கடல்மட்டத்துக்கு நூறு மீட்டருக்கு மேல் இருக்கும் மதுரையில் அந்த எண் கிடைத்தால் மகிழ்வதைவிட ஐயுறுவதே முறை.

ஃபார்ட்டின் பாரோமீட்டர்: திருத்திய பிறகும் குறைவாகவே இருக்கிறது

தம்பத்துக்கு மேலுள்ள வெற்றிடத்தில் காற்றோ ஈரமோ புகுந்திருக்கலாம். கருவியை மிக மெதுவாகச் சாய்த்துப் பாதரசம் குழாயின் உச்சியை எட்டும்படி செய்தால், உள்ளே வெற்றிடமாக இருக்கையில் ‘டக்’ என்ற கூர்மையான உலோக ஒலி கேட்கும். காற்றிருந்தால் ஒலி மழுங்கும். உச்சியில் ஒரு சிறு குமிழியும் எஞ்சி நிற்கும். ஈரம் இதைவிடக் கேடு. 30 டிகிரியில் பாதரசத்தின் ஆவியழுத்தம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்குதான், நீரின் ஆவியழுத்தமோ ஏறக்குறைய 32 மில்லிமீட்டர். பத்து மீட்டருக்கு மேல் உயரமுள்ள நீர்த்தம்பத்தைக் கட்டிப் பாரோமீட்டராக நிறுத்தினாலும் நம் ஊரில் அது 43 சென்டிமீட்டர் குறைவாகவே நிற்கும் என்பதை இதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம். காற்று நீக்கிப் பாதரசத்தை மீண்டும் நிரப்புவது ஆய்வகத்தில் வைத்துச் செய்யக்கூடிய வேலை அன்று. சூடேற்றும்போது எழும் பாதரச ஆவி நஞ்சு என்பதால் தேர்ந்த கருவிப் பட்டறைக்கே அனுப்ப வேண்டும்.

தொட்டிக்குக் கீழே தரையில் வெள்ளி மணிகள் தெரிகின்றன

பாதரசத்தைத் தாங்கும் அடித் தோல்பை கசிந்திருக்கிறது. அளவெடுப்பதை நிறுத்தி, அறையிலிருந்து எல்லோரையும் வெளியேற்றி, சன்னல்களைத் திறந்து, அறைக் கதவைச் சாத்திவிடுங்கள். துடைப்பம் மணிகளை இன்னும் சிறிதாக உடைக்கும். வாக்குவம் கிளீனர் அவற்றை ஆவியாக்கி அறை முழுதும் பரப்பும். இரண்டையும் தொடக் கூடாது. கையுறை அணிந்து, மோதிரம், கைக்கடிகாரங்களைக் கழற்றிவிட்டு, இரண்டு கெட்டி அட்டைகளால் மணிகளை ஒன்றுசேர்த்து, சொட்டுக்குழாயால் உறிஞ்சி, தண்ணீர் ஊற்றிய கெட்டி மூடியுள்ள புட்டியில் விட வேண்டும். இடுக்குகளில் தங்கியதன்மீது கந்தகத் தூளைத் தூவலாம். அந்தப் புட்டியைக் குப்பையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ கொட்டாமல், அபாயக் கழிவுகளைப் பெற உரிமம் உள்ளவர்களிடம் எழுத்துப்பூர்வமாக ஒப்படைக்க வேண்டும். பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கை இத்தகைய பாரோமீட்டர்களின் உற்பத்திக்கும் ஏற்றுமதி, இறக்குமதிக்கும் 2020ஐ இறுதி ஆண்டாக வைத்துவிட்டதால், அந்த இடத்தில் அடுத்து மாட்டவேண்டியது மின்னணுக் கருவிதான்.